புற்றரையும் களைகொல்லியும்

வீட்டு முற்றத்திலோ பாடசாலை மைதானத்திலோ புற்றரை அமைத்தவர் எவரும் ஓராண்டு கழியுமுன்னரே ஒரு தொல்லையை எதிர்நோக்க நேரிடும். நட்ட புல் ஒன்று. முளைத்து நிற்பன பல. தொட்டாற்சுருங்கி முள்ளோடு படர்கின்றது. நெருஞ்சி காலிற் குத்துகின்றது. அம்மான்பச்சரிசி, புளியாரை முதலியன புல்லின் இடைவெளிகளில் வேர்கொண்டுவிடுகின்றன. கோரையோ இன்று வெட்டினால் இரண்டொரு நாளிற் புல்லுக்கு மேலே தலை நீட்டுகின்றது. இவற்றைக் குந்தியிருந்து கையாற் பிடுங்குதல் முதுகு நோகும் வேலை. ஆகவே, புல்லுக்குத் தீங்கு செய்யாது களையை மட்டுங் கொல்லும் மருந்து உண்டு என்று கேள்விப்படும்போது, அதனை வாங்கித் தெளித்துவிட்டாற் போதும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அத்தகைய மருந்துகள் இருக்கின்றன என்பது மெய். ஆயின், அம்மருந்து தீண்டாது விடும் புல் எந்தப் புல் என்பதைக் கேட்டறியாமல் தெளித்தவர்கள் களையோடு புற்றரையையும் இழப்பதுண்டு. அயல்வீட்டுத் தக்காளியைக் கருக்கி, வேலியோரத்திற் பகையையும் விளைத்துக்கொள்வதுண்டு.

களைகொல்லிகளை இருபெரும் பிரிவுகளாக வகுத்து நோக்கலாம். பட்ட பசுமை யாவற்றையும் கொல்வன ஒருவகை; சிலவற்றைக் கொன்று சிலவற்றை விட்டுவைப்பன மற்றொரு வகை. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு கிளைபோசேற். இலங்கையில் 2015 ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர் ஆகிய பயிர்களுக்கு மட்டும் தளர்த்தப்பட்டு, 2022 இல் அத்தடை நீக்கப்பட்ட வரலாறு இதற்கு உண்டு. 'களைகொல்லி' என்ற ஒரே பெயரை நம்பி இதனைப் புற்றரையிலே தெளித்தால், புல், களை என்ற வேறுபாடின்றி யாவும் மஞ்சளாகி மடியும். கடையில் 'களைக்கு மருந்து' என்று மட்டும் கேட்பது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். இங்கே ஆராயப்படுவது இரண்டாம் வகையாகிய, தேர்ந்து கொல்லும் களைகொல்லிகளின் இயல்பாகும்.

இவ்வகை மருந்துகளின் பிறப்பு ஒரு புல்லின் முளையிலிருந்தே தொடங்கியது என்பது வியப்புக்குரியது. ஒல்லாந்து நாட்டு அறிஞரான வென்ற் என்பவர், ஓட்ஸ் தானியத்தின் இளமுளை ஒளியை நோக்கி வளைவது எதனால் என்று ஆராய்ந்து, முளையின் நுனியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் கீழிறங்குகின்றது என்பதை 1928 ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். ஒட்சின் என்று பெயர்பெற்ற அந்த ஓமோன், மிகச் சிறிய அளவிலே செடியின் நீட்சியையும் வளைவையும் வேர்விடுதலையும் ஆள்கின்றது. அதனைப் போலச் செயற்படும் செயற்கைப் பொருள்களைச் சற்றுக் கூடிய அளவிலே இட்டால் என்ன நிகழும் என்று பார்த்தபோதுதான் புதிய களைகொல்லிகள் தோன்றின. 1940 இல் இங்கிலாந்தில் ரெம்பிள்மன் என்பவர், ஓட்ஸ் பயிரின் நடுவே நின்ற காட்டுக் கடுகு மட்டும் இத்தகைய பொருளொன்றால் மடிவதைக் கண்டார். உலகப்போர்க் காலமாதலின் இவ்வாய்வுகள் மறைவாகவே நடந்தன. அமெரிக்காவிலே மார்த், மிற்செல் என்னும் இருவர், 2,4-டி என்னும் பொருளைப் புற்றரையிலே தெளித்து, புல் நிற்க அகன்ற இலைக் களைகள் மட்டும் மடிவதை 1944 இல் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டிலேயே அது கடைகளுக்கு வந்தது. அதன் உடன்பிறப்பு போன்ற எம். சி. பி. ஏ. என்பது 1946 இல் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தது. பின்னர் இலங்கையின் வயல்களிலும் எம். சி. பி. ஏ. புகுந்தது. நெல்லும் ஒரு புல்லே அன்றோ!

அகன்ற இலைச் செடியொன்றின்மீது 2,4-டி பட்டால், அதன் தண்டு கயிறு முறுக்கினாற்போல் முறுகும். இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளையும். குருத்துத் திரண்டு உருக்குலையும். செடி பட்டினியால் வாடுவதில்லை. தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்ள மாட்டாமல், உள்ளே நாளங்கள் நசிந்து, ஒன்று முதல் மூன்று வாரங்களுள் மடிகின்றது. புல் மட்டும் தப்புவது எங்ஙனம்? காரணங்கள் பல. புல்லின் இலை ஒடுங்கி நிமிர்ந்தது, மெழுகு பூசினாற்போன்றது, ஆகவே துளிகள் தங்காது வழிந்துவிடுகின்றன. அதன் வளருமிடம் நிலத்தோடு ஒட்டி, இலையடிகளால் உறைபோர்த்திக் கிடக்கின்றது. இருவித்திலைச் செடிகளிலே தண்டைப் பருக்கச் செய்யும் மாறிழையம் என்னும் படை உண்டு. மருந்து மிகுதியாகத் தாக்குவது அதனையே. ஒருவித்திலையாகிய புல்லுக்கு அது இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாகப் புல்லின் நொதியங்கள் மருந்தைப் பிடித்து உருமாற்றி நஞ்சற்றதாக்கும் ஆற்றல் உடையன. இந்த ஆற்றல் எல்லாப் புல்லுக்கும் ஒரே அளவாக அமையவில்லை. புற்றரை வளர்ப்போருக்கு நேரும் இடர்கள் பலவற்றின் மூலம் இதுவே.

இலங்கையிற் புற்றரையாகக் காணப்படும் புல்வகைகளை ஒருவர் எளிதில் இனங்காணலாம். அறுகு யாவரும் அறிந்தது. மெல்லிய இலையும் கம்பிபோன்ற தண்டும் உடையது. நிலத்தின் மேலும் கீழும் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடுவது. பூக்கும்போது ஒரு புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு விரல்கள் விரித்தாற்போன்ற கதிர்களைக் காட்டுவது. வெயிலும் வறட்சியும் தாங்குமாதலின் வடக்கு, கிழக்கு நிலங்களுக்கு இயல்பாகவே உரியது. மணிலாப் புல் எனப்படுவது இலை நுணுகி விறைத்தது. மெதுவாகப் பரவி, நெருங்கிய மெத்தை போலாவது. மழைமிகுந்த மேற்குப் பகுதிகளில், மரநிழலிலே செழிப்பது கம்பளப் புல், இலை அகன்றது, நுனி மழுங்கியது, ஓடுதண்டு தட்டையானது, கதிர்களுள் மேலுள்ள இரண்டும் மாட்டுக் கொம்பு போலப் பிரிந்து நிற்கும். இதனை ஒத்துத் தோன்றினும் வேறானது ஸ்டெனோடாப்ரம் என்று தாவரநூலார் வழங்கும் தடித்த புல். அதன் இலைநுனி ஓடத்தின் முகப்புப் போலிருக்கும். தட்டையான தடித்த தண்டு நிலத்தின் மேலே மட்டும் ஓடும்.

இந்தக் கடைசிப் புல்லின் பெயரிலேதான் உலகெங்கும் பெருங் குழப்பம் உள்ளது. அமெரிக்கர் இதனைப் புனித ஒகஸ்தீன் புல் என்பர். அவுஸ்திரேலியர் இதனையே பஃபலோ புல் என்பர். அமெரிக்காவிலோ பஃபலோ புல் என்றால், நடுநாட்டுச் சமவெளிகளிற் காட்டெருமை மேய்ந்த முற்றிலும் வேறான நுண்ணிய புல்லொன்றையே குறிக்கும். ஆகவே 'பஃபலோ புல்லுக்கு ஏற்றது' என்று ஒரு நாட்டிலே எழுதப்பட்ட அறிவுரையை மற்றொரு நாட்டிலே பின்பற்றுவது, ஒரே பெயருடைய இருவரில் ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை மற்றவருக்குக் கொடுப்பதை ஒக்கும். நாற்றுமேடைகளில் வழங்கும் வியாபாரப் பெயர்களும் இத்தகையனவே. ஒரு நாட்டின் பெயரைப் புல்லின் பெயராக்கி விற்பவர்கள், அது எந்தப் புல் என்பதைச் சொல்வதில்லை. வாங்கும்போதே தாவரநூற் பெயரைக் கேட்டுக் குறித்துவைத்தல் பின்னர்ப் பெரிதும் உதவும்.

பெயர்க் குழப்பம் வெறுஞ் சொற்குழப்பமாக நின்றுவிடுவதில்லை. அறுகும் மணிலாப் புல்லும் 2,4-டியை நன்கு தாங்குவன. ஸ்டெனோடாப்ரம் புல்லோ அதனால் மஞ்சளித்து, ஓடுதண்டு வெடித்து, வேர் குறுகிப்போகும். வெப்பம் மிகுந்த நாளிலே தெளித்தால் திட்டுத்திட்டாக மடிவதும் உண்டு. டைக்கம்பா என்னும் மற்றொரு மருந்தும் அதற்கு ஆகாது. அவுஸ்திரேலியக் கடைகளில் உரமும் களைகொல்லியும் சேர்த்து விற்கப்படும் கலவைகள் பலவற்றின்மேல் 'பஃபலோ புற்றரையில் இடாதீர்' என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அங்கு அப்புல்லை வளர்ப்போர், புரொமொக்சினில், எம். சி. பி. ஏ. ஆகிய இரண்டும் சேர்ந்த கலவையை நாடுவர். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ அதே புல்லுக்கு அற்றசீன் என்னும் மருந்து நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அந்த அற்றசீனைத் தளிர்விட்டு வளரும் அறுகின்மேல் இட்டால் அறுகு வாடும். குளிர்நாட்டுப் புல்வகைகளின்மேல் இட்டால் அவை மடியும். ஒரு புல்லுக்குக் காவலன் மற்றொன்றுக்குக் காலன் ஆகின்றான்.

குளிர்நாடுகளிலும் இவ்வேறுபாடு உண்டு. கென்ரக்கி நீலப்புல் 2,4-டியைத் தாங்கும். கொல்ப் விளையாட்டுக்காகக் கம்பளிபோல ஒட்ட வெட்டி வளர்க்கும் பென்ற் புல் அதே அளவிலே காயப்படும். இலங்கையில் உள்ளோருக்கு முக்கியமானது கம்பளப் புல்லைப் பற்றிய செய்தி. இது 2,4-டியை ஓரளவுக்கே தாங்கும். அறுகுக்குச் சொன்ன அளவை இதற்கு இடுதல் தவறு. பாசாணம் கலந்த பழைய மருந்துகள் சில அறுகை விட்டுவைத்துக் கம்பளப் புல்லை அடியோடு கருக்கிவிடக் கூடியன.

இனிக் களையின் பக்கம் நோக்கலாம். கோரையைப் புல் என்று எண்ணுவோர் பலர். அதன் தண்டை விரலிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் புலப்படும். புல்லின் தண்டு அவ்வாறிருப்பதில்லை. கோரை தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தடியிலே நூலிற் கோத்த மணிகள் போலக் கிழங்குகளைத் தொடுத்து வைத்திருப்பதால், மேலே பிடுங்கினால் கீழேயுள்ள கிழங்கு மீண்டும் முளைக்கும். 2,4-டி தெளித்தாலும் இலை சோர்ந்து கிழங்கு பிழைத்துக்கொள்ளும். அலோசல்பியூரன் முதலிய மருந்துகள் வெளிநாடுகளிலே கோரைக்கென்றே வழங்குகின்றன. புல்லுக்குள் முளைக்கும் புல்லோ இன்னும் கடினமான சிக்கல். குரக்கனுக்கு நெருங்கிய உறவான காட்டுப்புல் ஒன்று, மிதிபட்டு இறுகிய நிலத்திலே வட்டமாகப் படிந்து வளர்வதைப் பலரும் கண்டிருப்பர். அதுவும் புல், காக்கவேண்டியதும் புல். அகன்ற இலைக்கான மருந்து அதனைத் தொடுவதேயில்லை. அத்தகைய இடத்திலே நிலத்தைக் கிளறி இளக்கி, புல்லை நெருங்கி வளரவிடுவதே மருந்தினும் சிறந்த வழி.

சிறுபுள்ளடி போன்ற செடிகளைக் களை என்று கொள்வதா என்பதும் சிந்திக்கத்தக்கது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அச்சிறு செடி, வேர்முடிச்சுகளாலே காற்றின் நைதரசனை மண்ணுக்கு ஈட்டித் தருவது. வெட்டினாலும் தாழ்ந்து பசுமையாகவே கிடப்பது. பந்தாட்ட மைதானத்திலே அதற்கு இடமில்லை எனலாம். வீட்டு முற்றத்திலே அதனைக் கொல்வதற்காக நஞ்சு வாங்குவது வீண்செலவே. நான்கு ஐந்து பேர்ச் அளவான முற்றத்திலே களை பத்து இருபது இடங்களில் மட்டும் இருக்குமாயின், மழை பெய்து நிலம் நனைந்த மறுநாட் காலையிலே முள்ளுக்கரண்டி கொண்டு வேரோடு கிளப்புவதே உத்தமம்.

மருந்துதான் வேண்டும் என்று தீர்மானித்தவர் முதலிலே செய்யவேண்டியது, போத்தலின் மேல் ஒட்டப்பட்டுள்ள சுட்டுத்துண்டை வாசிப்பது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுசெய்யப்படாத பீடைகொல்லி எதனையும் விற்றல் ஆகாது. எப்பயிருக்கு, எவ்வளவு, எவ்வாறு என்பன அதிலே குறிக்கப்பட்டிருக்கும். நெல்லுக்கென்று பதிவான மருந்தொன்றை, நெல்லும் புல்லே என்ற தருக்கத்தினால் முற்றத்துப் புல்லுக்கு இடுதல் முறையன்று. முற்றத்துப் புல் எது என்று அந்தச் சுட்டுத்துண்டு அறியாது. ஐயமுள்ளவர், அயலிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் புல்லின் ஒரு துண்டையும் களையின் ஒரு துண்டையும் கொண்டுசென்று காட்டலாம்.

அளவைப் பற்றியே தவறு மிகுதியாக நேர்கின்றது. சுட்டுத்துண்டிலே அளவு பெரும்பாலும் எக்டயருக்கு இத்தனை லீற்றர் என்றிருக்கும். ஓர் எக்டயர் 10,000 சதுர மீற்றர். வீட்டு முற்றத்தை அளக்கும் பேர்ச் ஒன்று ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். ஆகவே நான்கு பேர்ச் நிலம் ஏறக்குறைய 100 சதுர மீற்றர், அதாவது எக்டயரின் நூற்றில் ஒரு பங்கு. எடுத்துக்காட்டாக, எக்டயருக்கு 2 லீற்றர் என்று கூறப்பட்ட மருந்தானால் நான்கு பேர்ச்சுக்கு வேண்டியது 20 மில்லிலீற்றர் மட்டுமே. இருபது மில்லிலீற்றர் என்பது பாணி மருந்து குடிக்கும் சிறு கிண்ணமளவு. மூடியால் அளந்தும் கண்ணால் மதித்தும் ஊற்றுவோர் இதனை இரட்டிப்பாகவும் மும்மடங்காகவும் ஆக்கிவிடுதல் கூடும். அளவுக் கிண்ணம் ஒன்றை இதற்கெனவே வாங்கி, சமையலறைப் பக்கம் கொண்டுசெல்லாது வைத்துக்கொள்ளல் வேண்டும்.

எவ்வளவு தண்ணீரிற் கலப்பது என்பதும் ஊகத்துக்குரியதன்று. தெளிகருவியிலே வெறுந் தண்ணீரை நிரப்பி, நான்கு பேர்ச் நிலத்தை அளந்து, வழக்கமான நடையிலே ஒருமுறை தெளித்துப் பார்க்கவேண்டும். ஐந்து லீற்றர் செலவாயிற்று என்று கொள்வோம்; அந்த ஐந்து லீற்றரிலேயே மேற்கண்ட 20 மில்லிலீற்றர் கரையவேண்டும். நடையின் வேகமும் கைப்பிடியின் அழுத்தமும் ஆளுக்காள் வேறுபடுமாதலின், தெளிக்கப்போகிறவரே இந்தச் சோதனையைச் செய்தல் வேண்டும்.

மருந்தைக் கூட்டினால் களை விரைவில் ஒழியும் என்று எண்ணுவதிலே இரட்டைத் தவறு உண்டு. அளவு மிகுந்தால் புல்லின் நொதியங்கள் ஈடுகொடுக்கமாட்டா. தேர்ந்து கொல்லும் இயல்பே அழிந்துபோகும். மற்றையது பலரும் அறியாதது. இம்மருந்து இலையினூடே புகுந்து, இலை ஆக்கிய உணவோடு சேர்ந்து வேருக்கு இறங்கவேண்டும். அளவு மிகின் இலை உடனே கருகிவிடும். கருகிய இலை எதனையும் வேருக்கு அனுப்பாது. இரண்டு நாளில் இலை வாடியதைக் கண்டு மகிழ்ந்தவர், இரண்டு மாதத்தில் அதே வேரிலிருந்து களை தழைப்பதைக் காண்பார். இக்காரணத்தாலேயே தெளிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பும், தெளித்த பின் இரண்டு நாளும் புல்லை வெட்டாதிருத்தல் வேண்டும். களைக்கு இலை இருந்தாலன்றி மருந்துக்கு வாயில் இல்லை.

புல்லின் நிலையும் கருதத்தக்கது. புதிதாக நட்ட புல், மூன்று நான்கு முறை வெட்டப்படும் அளவுக்கு வேரூன்றும்வரை மருந்து காணலாகாது. வறட்சியால் வாடிக் கிடக்கும் புல்லுக்கும் அவ்வாறே; அப்போது களையும் உறங்குமாதலின் மருந்து ஏறவும் மாட்டாது. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது, தாங்கக்கூடிய புல்லே தளர்ந்துவிடும். இலங்கையின் தாழ்நிலங்களிலே நண்பகல் பெரும்பாலும் அவ்வெல்லையைத் தாண்டுவது. எனவே காலை வேளையே ஏற்றது. தெளித்த பின் ஆறு முதல் எட்டு மணிநேரம் மழை பெய்யாதிருத்தலும் வேண்டும். பிற்பகல் இடிமழை பெய்யும் மாதங்களில் இதுவே பெரிய தடை.

காலை என்றவுடன், காற்றே அசையாத விடியற்பொழுது நல்லது என்று கருதுவோர் உளர். அது தவறு. அவ்வேளையிலே நிலத்தையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்திருத்தல் கூடும். நுண்துளிகள் மேலெழவும் மாட்டாமல் கீழே படியவும் மாட்டாமல், புகைபோல மிதந்து நெடுந்தூரம் செல்லும். சூரியன் ஏறி, இலைகள் இலேசாக அசையத் தொடங்கியபின், அந்த மென்காற்று அயலாரின் தோட்டத்தை நோக்கி வீசாத நாளில் தெளிப்பதே தகும். தெளிமுனையைத் தாழ்த்தி, அழுத்தத்தைக் குறைத்துப் பருந்துளியாக விழச் செய்தல் நன்று. 2,4-டியின் வடிவங்களுள் எஸ்ரர் எனப்படுவது வெயிலில் ஆவியாகி எழக் கூடியது. அமைன் உப்பு வடிவம் அவ்வளவு எழுவதில்லை. வீடுகள் நெருங்கிய இடத்திலே எஸ்ரருக்கு இடமேயில்லை.

இவ்வெச்சரிக்கை யாழ்ப்பாணத்தவருக்குச் சிறப்பாக உரியது. இம்மருந்தின் ஆவிக்கும் துளிக்கும் மிக எளிதிற் பலியாகும் பயிர்கள் யாவை என்று உலக ஆய்வாளர் கூறும் பட்டியலிலே முன்னிற்பன திராட்சை, தக்காளி, புகையிலை, பருத்தி என்பன. யாழ்ப்பாணத் தோட்டங்களிலே முதல் மூன்றும் வேலிக்கு வேலி நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அளவு பட்டாலும் திராட்சையின் இலை விசிறிபோல் மடிந்து சுருங்கும். தக்காளிக் குருத்து முறுகும். மேலும், குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கும் மழைநீரையே நம்பியுள்ளன. 2,4-டி மண்ணிலே பெரும்பாலும் சில வாரங்களுள் நுண்ணுயிர்களாற் சிதைக்கப்படும். டைக்கம்பாவும் அற்றசீனும் அவ்வாறன்றி நீரோடு கீழிறங்கும் இயல்புடையன. நிலத்தடி நீரிலே காணப்பட்டமையாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் அற்றசீனுக்கு அனுமதி மறுத்தது. கிணற்றடியில் உள்ள புல்லுக்கு மருந்து தெளியாதிருத்தலே நன்று. தெளிகருவியைக் கிணற்றடியிலே கழுவுதல் ஒருபோதும் ஆகாது.

புற்றரைக்கு மேலே மரம் நிற்குமாயின், அதன் வேரும் புற்றரைக்குக் கீழே பரந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றுண்டு. இம்பிரெலிஸ் என்னும் புதிய புற்றரைக் களைகொல்லி 2010 இல் அமெரிக்காவிலே பதிவுபெற்றது. களையைத் திறம்படக் கொன்றது, புல்லும் நலமாயிருந்தது. ஆனால் 2011 இன் கோடையிலே, அது தெளித்த முற்றங்களின் ஓரத்தில் நின்ற ஸ்புரூஸ், பைன் மரங்கள் பழுப்பேறி, நுனி முறுகி மடியத் தொடங்கின. வேர்வழியே மருந்து ஏறியதே காரணம். அவ்வாண்டு ஒகஸ்ற் மாதத்திலே அரசாங்கம் அதன் விற்பனையை நிறுத்தியது. சோதனைச்சாலைகளைக் கடந்து வந்த மருந்துக்கே இந்நிலையெனின், மாமரத்தடியிலே டைக்கம்பாவைத் தெளிக்க முற்படுவோர் சற்று நின்று எண்ணுதல் தகும்.

தெளிப்போரின் உடலைப் பற்றியும் கூறவேண்டும். 2,4-டி கண்ணிற் பட்டால் கடும் புண் விளைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என ஐயுறப்படும் பொருள்களின் வரிசையிலே சேர்த்தது. வியத்நாமிலே அமெரிக்கப் படையினர் காடழிக்கத் தெளித்த செம்மஞ்சட் கலவையின் ஒரு பாதி 2,4-டி என்பதும், அதனைக் கொண்டு சிலர் அஞ்சுவதும் உண்மையே. ஆயின் அக்கலவையின் கொடிய நஞ்சாகிய டயொக்சின், மறுபாதியான 2,4,5-டி என்பதிலே கலந்திருந்த மாசு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதலும் தவறு. அதனாலே 2,4-டி தீங்கற்றது என்று துணிதலும் தவறு. நீண்ட கைச்சட்டை, நீண்ட காற்சட்டை, மூடிய சப்பாத்து, நீர் ஊறாத கையுறை, கண்ணாடி ஆகியன வேண்டும். ஊற்றிக் கலக்கும் பொழுதே ஆபத்து மிகுதி. அப்போது போத்தலிலிருப்பது நீர்கலவாத நஞ்சு. தோலிற் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்; கண்ணிற் பட்டால் கால்மணி நேரம் ஓடும் நீரிலே அலம்பவேண்டும். ஒருவர் விழுங்கிவிட்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, போத்தலையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரையவேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலே நச்சுத் தகவல் நிலையமொன்று இதற்கென்றே இயங்குகின்றது. மருந்தின் பெயர் தெரிந்தாலன்றி அங்குள்ளோரும் விரைந்து உதவுதல் அரிது.

மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களைத் தட்டிலே வைக்கும் பழக்கத்தை என்ன சொல்வது! குழந்தை கைநீட்டும் இடம் அது. மருந்து தான் வந்த போத்தலிலேயே, பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். வெறும் போத்தலை மூன்றுமுறை அலம்பி, அந்த நீரையும் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிப் புற்றரைக்கே தெளித்துவிட்டு, போத்தலைத் துளைத்துப் பயனற்றதாக்கவேண்டும். களைகொல்லி தெளித்த கருவியாலே மிளகாய்க்கோ கத்தரிக்கோ பூச்சிமருந்து அடித்தல் ஆகாது. எத்தனை கழுவினும் குழாயின் உட்புறத்திலும் இறப்பர் வளையங்களிலும் 2,4-டி ஒட்டிக்கொண்டிருந்து, பயிரை முறுக்கிவிடும். வசதியுள்ளவர் இதற்கெனத் தனிக் கருவி வைத்துக்கொள்வர்.

எஞ்சியிருப்பது, வெட்டிய புல்லைப் பற்றிய செய்தி. வெட்டிய புல்லைக் கூட்டிக் கூட்டெரு ஆக்குவதும், கத்தரி மிளகாய்க் கன்றுகளின் அடியிலே பரப்புவதும் நல்ல வழக்கங்களே. ஆனால் மருந்து தெளித்த பின் முதல் மூன்று நான்கு வெட்டுகளிலே கிடைக்கும் புல்லுக்கு அவை பொருந்தா. அதனைப் புற்றரையிலேயே விட்டு உக்கவிடுவதே சரி. சில மருந்துகள் எருக்குழியின் வெப்பத்திலும் சிதைவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலே 2000 ஆம் ஆண்டையடுத்து, நகரத்தார் சேர்த்த எருவை இட்ட தோட்டங்களிலே தக்காளியும் அவரையும் முறுகி மடிந்தன. புற்றரைக்கு இட்ட குளோபிரலிட் என்னும் மருந்து எருவிலே தங்கியிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. 2002 இல் அம்மாநிலம் அதனைப் புற்றரைக்கு இடுவதைத் தடுத்தது. மாட்டின் வயிற்றினூடே சென்று சாணத்தில் வெளிவந்தும் கெடாத அத்தகைய மற்றொரு மருந்தினால், 2008 இலே இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக்காரர் பலர் தம் மரக்கறிகளை இழந்தனர்.

இலங்கைத் தமிழர் வீடுகளிலே இதற்கு இன்னுமொரு பக்கம் உண்டு. முற்றத்துப் புல்லை ஆடு மேய்கின்றது. பக்கத்து வீட்டார் பசுவுக்கு அரிந்துசெல்கின்றனர். ஈரமான புற்றரையோரத்திலே படரும் வல்லாரையைச் சம்பலுக்காகவும் பொன்னாங்காணியைக் கறிக்காகவும் பறிப்பவர்கள், அங்கு நேற்று என்ன தெளிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. அறுகோ பிள்ளையாருக்கு மாலையாகின்றது. இடித்துப் பிழிந்த சாறாக நோயாளியின் வயிற்றுக்கும் போகின்றது. மருந்து தெளித்த அறுகு வாடுவதில்லை. முன்னையினும் பசுமையாகவே நிற்கும். அதனைத் தாங்கிக்கொள்வதுதான் அறுகின் இயல்பு. பார்வையால் வேறுபாடு தெரியாதாகையால், தெளித்த இடத்தைச் சுற்றி நான்கு தடி நட்டுக் கயிறு கட்டி, தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் ஓர் அட்டையிலே எழுதித் தொங்கவிடுதல் வேண்டும். சுட்டுத்துண்டிலே கூறிய காலம் கழியும்வரை கால்நடைகளை அங்கே விடலாகாது. பூசைக்கும் மருந்துக்கும் உரிய அறுகை வேறிடத்திலே, மருந்தே காணாத ஒரு பாத்தியிலே தனியாக வளர்த்துக்கொள்ளலாம்; ஒரு பேர்ச்சின் கால்வாசி இடமே அதற்குப் போதுமானது.